மூர் என்றும் முஸ்லிம் என்றும்: இரு ஆங்கிலச் சொற்கள் இடம்மாறிய கதை

இலங்கையில் பிறந்த நம்மவர் ஒருவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தந்தையின் இனம் என்ற கூட்டுக்குள் "இலங்கைச் சோனகர்" என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் அது "சிலோன் மூர்" அல்லது "ஸ்ரீலங்கா மூர்". அதே ஆள் வளர்ந்து நிக்காஹ் செய்யும்போது அதைப் பதிவு செய்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் சோனகருக்கென்று செய்யப்பட்டதல்ல. இந்நாட்டில் வசிக்கும் முஸ்லிம்கள் எல்லோருக்குமானது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கதை கொடுத்தாலோ, "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்றுதான் கேட்பார். "சோனகரா?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, பிறக்கும்போது மூர், மணம் முடிக்கும்போது முஸ்லிம், பாதையில் போகும்போதும் முஸ்லிம். இரண்டும் ஒன்றுதானே, ஒன்று பழைய பெயர், மற்றது புதிய பெயர் என்று பலர் எண்ணுகின்றனர். நமது வரலாறு பற்றி எழுதுவோரிலும் சிலர் பழைய ஆவணங்களில் மூர் என்று கண்ட இடமெல்லாம் முஸ்லிம் என்று மாற்றி எழுதிவிடுகின்றனர். இது சிறிய விடயம்போலத் தெரியலாம். ஆனால் இந்த இரு சொற்களில் எது நமக்குரியது என்ற கேள்வியை வைத்துத்தான் ஒரு காலத்தில் சட்டசபை ஆசனம் பற்றிய வழக்காடல் நடந்தது. சமூகம் இரண்டு சங்கங்களாகப் பிரிந்தும் நின்றது. எனவே அவற்றின் பிறப்பையும் பயன்பாட்டையும் ஒழுங்காகப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகின்றது.

மூர் எங்கிருந்து வந்தது?

மூர் என்பதன் வேர் அரபு மொழியில் இல்லை. உரோமர் வட ஆபிரிக்காவின் மேற்குக் கரையை மௌரித்தானியா என்று அழைத்தனர். இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியும் அதற்குள் அடங்கும். அங்கு வாழ்ந்தவன் இலத்தீனில் மௌருஸ். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தச் சொல் இருந்தது என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அப்போது அது ஓர் ஊர்ப்பெயரின் வழியாக வந்த மக்கட் பெயர் மாத்திரமே.

711இல் அரபிகளும் பேர்பர்களும் ஸ்பெயினுக்குள் நுழைந்தனர். அந்தப் படையில் பெரும்பாலானோர் பேர்பர்கள். ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களை ஐபீரியக் கிறிஸ்தவர்கள் தமக்குத் தெரிந்த பழைய பெயரால் அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் மோரோ. போர்த்துக்கேய மொழியில் மௌரோ. 1492இல் கிரனாடா வீழ்ச்சியடையும் வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் நீடித்த போரும் அயல்வாழ்வும் அந்தச் சொல்லின் பொருளை மாற்றிவிட்டன. மௌரித்தானியாக்காரன் என்ற கருத்து பின்னுக்குப் போய், இஸ்லாத்தைப் பின்பற்றுபவன், எதிராளி என்ற கருத்து முன்னுக்கு வந்தது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல்லின் பொருள் இன்னும் தளர்ந்தது. ஆங்கிலத்தில் மூர் என்றால் சில இடங்களில் முஸ்லிம், சில இடங்களில் கறுத்த நிறத்தவர். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் தலைப்பிலேயே கதாநாயகன் வெனிஸ் நகரத்து மூர் எனப்படுகின்றான். அவன் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். அங்கே மூர் என்பது மார்க்கத்தைக் குறிக்கவில்லை. பிறப்பையும் நிறத்தையும் குறிக்கின்றது. கப்பலைக் கரையில் கட்டுவதற்கும், புல்வெளி மேட்டு நிலத்துக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கள் வருவதுண்டு. அவற்றுக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. ஆகையால் மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதால் மூர் ஆனோம் என்று விளக்கம் சொல்வது பொருந்தாது.

ஒரே சொல், மூன்று நாடுகள்

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது அங்கே வியாபாரத்தில் முன்னணியில் நின்றவர்கள் முஸ்லிம்கள். போர்த்துக்கேயருக்கு வேறு பெயர் தேடும் அவசியம் இருக்கவில்லை. ஊரில் சண்டை பிடித்த அதே மௌரோக்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். மலபாரில் இவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்று தெரிந்த பின் மண்ணின் மௌரோக்கள், மக்காவின் மௌரோக்கள் என்று இரண்டாகப் பிரித்தனர். முதலாமவர் அந்த மண்ணிலேயே பிறந்த மாப்பிள்ளைமார். இரண்டாமவர் அரபு நாடுகளிலிருந்து வந்து போகும் வணிகர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரைக்கு வந்தபோதும் அதே சொல்லோடுதான் வந்தார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தரும், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் அதை வாங்கிக்கொண்டனர்.

அதே காலத்தில் ஸ்பானியர் உலகத்தின் மற்றப் பக்கத்தால் சுற்றி பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போனார்கள். அங்கும் முஸ்லிம்களைக் கண்டு மோரோ என்றார்கள். மரனாவோ, மகிந்தனாவோ, தௌசுக் என்று வெவ்வேறு மொழி பேசும் மக்கள் எல்லோரும் அந்த ஒரு பெயருக்குள் வந்து விழுந்தனர். வசையாக இடப்பட்ட பெயரைப் பின்னாளில் அவர்களே கையில் எடுத்துத் தமது அரசியல் அடையாளமாக்கினர். 2019இல் உருவான பங்சமோரோ சுயாட்சிப் பிரதேசத்தின் பெயரில் அது இன்றும் நிற்கின்றது. பங்சா என்ற மலாய்ச் சொல்லுக்கு இனம், தேசம் என்று பொருள்.

மேற்கு ஆபிரிக்காவில் மௌரித்தானியா என்ற பெயரில் இன்று ஒரு நாடு உள்ளது. அங்கே மூர் எனப்படுவோர் ஹஸ்ஸானிய்யா என்ற அரபு வழக்கைப் பேசுவோர். அதே நாட்டில் வாழும் வொலோஃப், ஃபுலானி மக்களும் முஸ்லிம்கள்தான். ஆனால் அவர்கள் மூர் அல்லர்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பிலிப்பைன்ஸில் மோரோ என்பது பல இன முஸ்லிம்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு. மௌரித்தானியாவில் அது முஸ்லிம்களுக்குள் ஒரு சாராரைப் பிரித்துக் காட்டும் வேலி. இலங்கையில் கயிறாக வந்த சொல் வேலியாக மாறியது. மூர் என்ற பெயரால் அழைக்கப்படுவதால் நமது மூதாதையர் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள் என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பெயர் இட்டவனின் ஊரைக் காட்டுகிறதே தவிர, இடப்பட்டவனின் ஊரைக் காட்டவில்லை.

இங்கே நம்மை நாமே அழைத்துக்கொண்ட பெயர் சோனகர். சிங்களத்தில் யோனக. யவனர் என்ற மிகப் பழைய சொல்லோடு உறவுடைய பெயர் அது. மேற்குத் திசைக் கடலால் வந்தவர்களைக் குறித்தது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும் கொழும்பின் பழைய சோனகத் தெருவும் அதற்குச் சாட்சி. கொழும்புத் தெருவின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது மூர் ஸ்ட்ரீட் ஆகிவிடுகின்றது. அரச கந்தோரில் மொழிபெயர்த்தவர்கள் மூர் என்பதற்குச் சோனகர் என்று எழுதினார்கள். இரண்டு வேறு வேர்களைக் கொண்ட சொற்கள் ஒரே கூட்டுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

முஸ்லிம் என்ற சொல்

முஸ்லிம் என்பதன் தன்மை வேறு. அது அஸ்லம என்ற அரபு வினையிலிருந்து பிறந்த செய்வினைப் பெயர். இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தவர் என்பது பொருள். அதில் நாடும் இல்லை, நிறமும் இல்லை, வாப்பாவின் வம்சமும் இல்லை. இலக்கணப்படி பார்த்தால் அது ஒரு செயலைச் செய்பவரைச் சொல்கின்றது. ஒருவர் அதில் புதிதாகச் சேரலாம். மூராக யாரும் புதிதாகச் சேர முடியாது, பிறக்கத்தான் முடியும்.

இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் தலைகாட்டினாலும் நெடுங்காலம் அருமையாகவே வழங்கியது. ஆங்கிலேயர் மொகமதன் என்றே எழுதினர். கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்ற கணக்கில் செய்யப்பட்ட சொல் அது. நாம் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களை வணங்குபவர்கள் அல்லர் என்பதால் அது அடிப்படையிலேயே பிழையான பெயர். அதன் பின் மொஸ்லெம் என்ற எழுத்துக்கூட்டல் வந்தது. முஸ்லிம் என்ற வடிவம் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான்.

இலங்கைச் சட்டங்களின் தலைப்புகளிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1806இல் ஆங்கிலேயர் வெளியிட்ட விசேட சட்டக்கோவை "மூர்கள் அல்லது மொகமதர்கள்" பற்றியது என்று தலைப்பிடப்பட்டது. இதில் "அல்லது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஆங்கிலேயருக்கு இரண்டும் ஒன்றே. கொழும்பு மாகாணத்துக்கென இருந்த அந்தக் கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. 1886இன் விவாகப் பதிவுச் சட்டத்தில் மூர் போய்விட்டது. மொகமதன் மட்டும் நின்றது. பிற்பட்ட சட்டங்களில் மொகமதனும் போய் முஸ்லிம் வந்தது. சட்டத்தைப் பொறுத்தவரை மார்க்கம்தான் அளவுகோல் என்பது இப்படிப் படிப்படியாகத் தெளிவாயிற்று.

ஆனால் நம்மவர்கள் ஆங்கிலேயருக்கு முந்திவிட்டார்கள். 1882இல் அறிஞர் சித்திலெப்பை தொடங்கிய பத்திரிகையின் பெயர் "முஸ்லிம் நேசன்". கந்தோர் ஆங்கிலம் மொகமதன் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் தமிழிலே நம் சமூகம் தன்னை முஸ்லிம் என்று அழைத்துக்கொண்டது.

ஆசனமும் வம்சமும்

சட்டப் புத்தகம் மார்க்கத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அரசியல் எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. சட்ட நிரூபண சபையில் தமிழருக்கான உறுப்பினரே தமிழ் பேசும் முஸ்லிம்களுக்காகவும் பேசிவந்தார். சபை விரிவாக்கப்படும் பேச்சு எழுந்த வேளையில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் 1888இல் ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, வழக்காறு, உடற்தோற்றம் ஆகியவற்றை வைத்து, சோனகர் மார்க்கத்தால் முஸ்லிம்களே ஆயினும் இனத்தால் தமிழரே என்பது அவருடைய வாதம். அந்த வாதம் ஏற்கப்பட்டால் நமக்கென்று தனி உறுப்பினர் எதற்கு என்ற கேள்வி தானாக எழும்.

1889இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் கண்டியருக்கும் நமது சமூகத்துக்கும் தனித்தனி ஆசனம் கிடைத்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் உறுப்பினராக நியமனம் பெற்றார். ஆசனம் கிடைத்தும் வாதம் முடியவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கட்டுரைக்கு நீண்ட மறுப்பு எழுதினார். சோனகர் சங்கம் அதை வெளியிட்டது. அரபு மூதாதையர் வழி வந்தவர்கள் என்ற மரபை அவர் முன்னிறுத்தினார். ஹாஷிம் கிளையினர் இங்கு வந்து குடியேறினர் என்ற அந்த மரபைப் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதியிருந்தார்.

இருவருடைய முடிவும் எதிரெதிரானது. ஆனால் இருவரும் ஒரே நிலத்தில் நின்றுதான் மோதினார்கள். ஒரு சமூகத்துக்குத் தனி இடம் வேண்டுமானால் அது தனி இனமாக இருக்க வேண்டும் என்பதே அந்த நிலம். அது குடியேற்ற ஆட்சி போட்டுக் கொடுத்த நிலம். இனம் இருந்தால் ஆசனம், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே மூர் என்ற சொல்லுக்கு ஒரு வம்சம் தேவைப்பட்டது. போர்த்துக்கேயன் மார்க்கத்தைப் பார்த்து இட்ட பெயர், இப்போது இரத்த உறவைக் காட்டும் பெயராயிற்று. அப்துல் அஸீஸ் இயங்கிய சங்கத்தின் பெயர் மூர். அவர் நடத்திய பத்திரிகையின் பெயரோ "முஸ்லிம் பாதுகாவலன்". ஆட்சியாளரோடு பேசும்போது ஒரு சொல், சமூகத்தோடு பேசும்போது மற்றச் சொல் என்ற வழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகின்றது.

1911 குடிசன மதிப்பீடு வேலியை இன்னும் ஒருபடி உயர்த்தியது. இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். இந்தியக் கரையிலிருந்து வந்து வியாபாரம் செய்தோரைச் சம்மான்காரர் என்றும் ஆங்கிலத்தில் கோஸ்ட் மூர் என்றும் அழைத்தனர். 1915 கலவரத்தின்போது ஆத்திரம் முதலில் திரும்பியது அவர்கள் மீதுதான். ஆனால் கடைக்குத் தீ வைத்தவன் குடிசன மதிப்பீட்டுப் பத்திரத்தைப் பார்த்துத் தீ வைக்கவில்லை. எந்தச் சோனகர் என்று பாராமல் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

இரண்டு சங்கங்கள்

மூர் என்ற வேலிக்கு வெளியே நின்றவர்களில் முக்கியமானோர் மலாய் ஆக்கள். அவர்களும் நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். ஆனால் ஒருபோதும் மூர் என்று எண்ணப்படாதவர்கள். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை 1921 முதல் கட்டியெழுப்பி, நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்கு வழிகாட்டிய ரி.பி. ஜாயா ஒரு மலாயர். அகில இலங்கை முஸ்லிம் லீக்கில் அவர் முன்னணியில் நின்றார். மறுபக்கத்தில் சோனகர் சங்கத்தின் குரலாக ஏ.ஆர்.ஏ. ராஸிக், பின்னாளில் சேர் ராசிக் பரீத், நின்றார். 1936இன் அரசாங்க சபைக்கு இவ்விருவருமே நியமன உறுப்பினர்களானார்கள்.

முஸ்லிம் என்று பேசினால் மலாயரும், போராக்களும், மேமன்களும், இந்தியாவிலிருந்து வந்தோரும் உள்ளே வருவர். எண்ணிக்கை கூடும், மார்க்கத்துக்கும் பொருந்தும். ஆனால் பிரதிநிதித்துவம் என்று வரும்போது, இந்த மண்ணில் பல நூற்றாண்டு வேரோடிய பெரும்பான்மைச் சோனகரின் இடம் பிறருக்குப் போய்விடுமோ என்ற அச்சம் சோனகர் சங்கத்தாருக்கு இருந்தது. அவர்களை வெறும் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அன்று இந்திய வம்சாவளியினரின் உரிமை பற்றிய சர்ச்சை சூடாக இருந்தது. நாங்க இந்த நாட்டு ஆக்கள் என்று நிரூபிக்க இலங்கைச் சோனகர் என்ற பெயர் ஒரு கேடயமாயிருந்தது. ஆயினும் ஜாயாவை வெளியே நிறுத்தும் ஒரு பெயர் இந்தச் சமூகத்தின் முழுப் பெயராக முடியுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. 1944இல் ராசிக் பரீத் நிறுவிய நிலையத்துக்குச் சோனக இஸ்லாமிய கலாசார நிலையம் என்று பெயர் வைத்தபோது வம்சத்தையும் மார்க்கத்தையும் ஒரே பலகையில் எழுத வேண்டியதாயிற்று.

சுதந்திரத்தின் பின் மூர் மெல்ல மெல்லக் கந்தோர்ப் பத்திரங்களுக்குள்ளும் கொழும்பின் விளையாட்டுக் கழகப் பெயருக்குள்ளும் ஒதுங்கியது. 1981இல் எம்.எச்.எம். அஷ்ரஃப் காத்தான்குடியில் தொடக்கிவைத்த கட்சியின் பெயர் முஸ்லிம் காங்கிரஸ். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வரிசை நாட்டின் அரசியற் பேச்சாயிற்று. முதலிரண்டும் மொழியைச் சுட்டும் பெயர்கள். மூன்றாவது மார்க்கத்தைச் சுட்டுவது. எனினும் யாருக்கும் அது இடறவில்லை. ஏனெனில் இலங்கையில் முஸ்லிம் என்பது ஓர் இனத்தின் பெயராகிவிட்டது. தொழாதவனும் முஸ்லிம்; "அவன் பேருக்கு முஸ்லிம்" என்று ஊரில் சொல்லும்போது அந்தப் பொருளில்தான் சொல்கிறோம். அதே வேளை, இஸ்லாத்தைத் தழுவிய தமிழ்ப் பெண்ணை இன்னும் "மவ்லா இஸ்லாம்" என்று தனியாகச் சுட்டுவோர் நம்மிடையே உண்டு. மார்க்கத்தின் சொல்லுக்குள் வம்சத்தின் வேலி நுழைந்துவிட்டதன் அடையாளம் அது.

இதுதான் இந்த இரு சொற்களின் கதை. மார்க்கத்தைச் சுட்டி இங்கு வந்த மூர் வம்சத்தின் பெயராயிற்று. வம்சமே இல்லாத முஸ்லிம் இனத்தின் பெயராயிற்று. இரண்டும் பாதி வழியில் இடம்மாறிக்கொண்டன.

இன்று என்ன செய்யலாம்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இனத்தால் இலங்கைச் சோனகர் ஏறத்தாழ 9.3 வீதம், மார்க்கத்தால் இஸ்லாமியர் ஏறத்தாழ 9.7 வீதம். இடைவெளி சிறியதுதான். ஆனால் அந்த இடைவெளிக்குள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். மலாயர், போராக்கள், மேமன்கள், இஸ்லாத்தைத் தழுவிய சிங்களவரும் தமிழரும் எல்லாம் அங்கேதான். ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றதை எழுதும் ஒவ்வொரு முறையும் நாம் இவர்களை இல்லாமற் செய்கிறோம், அல்லது கேட்காமலே சோனகராக்கி விடுகிறோம்.

வரலாறு எழுதுவோருக்கு இதில் ஒரு கடமை உண்டு. போர்த்துக்கேய ஆவணத்தில் மௌரோ என்று வந்தால் அது மலபார் மாப்பிள்ளையா, காயல்பட்டின வணிகரா, பேருவளைக் குடிமகனா, அரபியா என்று ஒவ்வொரு இடத்திலும் தனியாகக் கேட்க வேண்டும். ஒல்லாந்த, ஆங்கில ஆவணங்களில் மூர் என்று வந்தால் மலாயர் அதற்குள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. 1911க்குப் பிந்திய கணக்குகளில் எந்தச் சோனகர் என்று பார்க்க வேண்டும். மூலத்தில் உள்ள சொல்லை அப்படியே எழுதி, அதன் பொருளைப் பக்கத்தில் விளக்குவதே நேர்மை.

மூர் அந்நியன் வைத்த பெயர், அதைத் தூக்கி எறிவோம் என்று சொல்லும் இளைஞர்களின் உணர்வு விளங்குகின்றது. ஆனால் நமது காணி உறுதிகளிலும் பிறப்புப் பதிவுகளிலும் நூற்றாண்டுகளாக அந்தப் பெயர்தான் இருக்கின்றது. இந்த மண்ணில் நாம் வாழ்ந்ததற்கான எழுத்துச் சாட்சிகளில் பெரும்பகுதி அதன் கீழேயே கிடக்கின்றது. அந்தச் சாட்சியை நாமே அழிக்க வேண்டியதில்லை. அதை ஆவணப் பெயராக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வம்சப் பெருமையைக் கட்டாமல் இருப்போம். முஸ்லிம் என்ற சொல்லை அது பிறந்த பொருளுக்கு விட்டுக்கொடுப்போம். நேற்றுக் கலிமாச் சொன்னவரும், மலாய் பேசும் வீட்டில் பிறந்தவரும், ஏழு தலைமுறை ஊர்க்காரரும் ஒரே அளவில் நிற்கக்கூடிய இடம் அந்தச் சொல்லுக்குள் மாத்திரமே இருக்கின்றது.